பம்ப்பைக் கழற்றும் முன் ஒரு கேன் டீசல்

என்னுடையது 2006 மாடல் பிக்கப். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான்கு சிலிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் இன்ஜின், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற இன்லைன் பம்ப் என்று சொன்னால் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் போதும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பித்தான் ஓட்டம். வடகாடு வழியாகப் பாச்சலூர், தாண்டிக்குடி பக்கத்துத் தோட்டங்களுக்கு உரமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மேலே போவேன். இறங்கும்போது மலைவாழை, சவ்சவ், அவரை, சீசன் நேரத்தில் பட்டர் ஃப்ரூட். வண்டியை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன், கடன் இன்னும் முடியவில்லை. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வாடகை போவதோடு தீராது, மறுநாள் வியாபாரி வேறு வண்டிக்காரருக்குப் போன் போட்டுவிடுவார். சின்னக் கோளாறுக்கு நான் இவ்வளவு அலைந்ததற்கும், அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டியதற்கும் அதுதான் காரணம்.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. வடகாடு தாண்டி மலை ஏறும்போது செகண்ட் கியரில் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் சத்தம் ஏறவில்லை, வேகம் இறங்குகிறது, இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு இன்ஜின் நின்றது. கொண்டை ஊசி வளைவு, பின்னால் டவுன் பஸ். கிளீனர் பையன் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பஸ் கண்டக்டர் கத்திய கத்தலை எழுத முடியாது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபமோ வருத்தமோ இல்லை, சுத்தமான பயம். இன்ஜின் நின்றால், பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்குப் போகிற வேக்கமும், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்பும் நின்றுவிடும். மிச்சமிருக்கிற வேக்கத்தில் இரண்டு மூன்று மிதி பிரேக் பிடிக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். லோடோடு ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பிரேக்கை விட்டுவிட்டு மறுபடி மறுபடி மிதிக்காதீர்கள். மிதித்த காலை எடுக்காமலே ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் பானட்டைத் திறக்க வேண்டும். கட்டையை வண்டியிலேயே வைத்திருங்கள். மழையில் ரோட்டோரம் கல் தேடுவது பெரிய ஆபத்து.

லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, டீசல் ஃபில்டர் மேல் இருக்கிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்ப்பை அடித்தேன். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்தது. ஸ்குரூவை இறுக்கி செல்ஃப் போட்டேன், இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் அதே கதை. அப்படியே அடித்து அடித்துத்தான் மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை, சமதளத்திலும் இல்லை. கீழே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினால் வண்டி தங்கம் போல ஓடுகிறது. பழைய டீசல் வண்டியில் டீசல் வராத கோளாறு எல்லாமே இப்படி இடம் பார்த்துத்தான் தலைகாட்டும். மெக்கானிக்குக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் உங்களோடு ஏறி மலைக்கு வர அவருக்கு நேரம் இருக்காது.

முதலில் ஃபில்டர் மாற்றினார்கள். ஃபில்டர் செட்டும் கூலியும் 900 ரூபாய். கழற்றிய ஃபில்டர் அழுக்காகத்தான் இருந்தது, அதனால் நியாயமான செலவு என்று நினைத்தேன். டேங்க் நிரப்பிக்கொண்டு மலை ஏறினேன், அருமையாக ஏறியது. சில நாள் கழித்து மறுபடி நின்றது. அடுத்து டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிற ஃபீட் பம்ப்பை மாற்றினார்கள், 2,600 ரூபாய். மறுபடி டேங்க் நிரப்பி ஏறினேன், ஒரு தொல்லையும் இல்லை. அந்த வாரக் கடைசியில் பாச்சலூருக்குக் கீழே நின்றது. மூன்றாவது முறை, "அண்ணே, இது பம்ப்தான், வேற வழியே இல்ல, இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக். மெயின் பம்ப்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களையும் கழற்றித் திண்டுக்கல்லில் ஒரு பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனோம். பம்ப்புக்குள் இருக்கிற எலிமெண்ட், டெலிவரி வால்வு, கூடவே நாசில் எல்லாம் தேய்மானம் என்று சொல்லி மாற்றி, டீசல் அளவைச் சரிபார்க்கிற கேலிபரேஷனும் செய்து கொடுத்தார்கள். 24,500 ரூபாய். அந்தப் பணத்துக்கு வீட்டுக்காரியின் வளையல் பேங்குக்குப் போனது.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவே மாட்டேன். இத்தனை வருஷம் ஓடிய பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் ஏதாவது ஒரு குறை காட்டத்தான் செய்யும். இந்த மாதிரிப் பம்ப்பைப் பழைய மெக்கானிக்குகள் இன்றைக்கும் கம்பெனி பெயரை வைத்து மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள். 2008-லேயே அந்தக் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறைப் பேச்சில் மட்டும் மாறவில்லை. அந்தப் பம்ப்புகள் அவ்வளவு சீக்கிரம் சாகிற பொருள் இல்லை. கொஞ்சம் தேய்ந்த பம்ப்போடு எத்தனையோ வண்டிகள் லோடு அடித்துக்கொண்டிருக்கின்றன. பம்ப்பில் குறை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தக் குறைதான் வண்டியை நிறுத்துகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. பம்ப்பை இறக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வந்த நிலையில் பெஞ்சில் என்ன ரீடிங், வேலை முடிந்த பிறகு என்ன ரீடிங் என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். பழைய சாமான்களைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

பம்ப் வேலை முடிந்து வந்த பிறகு கொஞ்ச நாள் நிம்மதி. தூக்கம் வந்தது. பிறகு ஒரு நாள் தாண்டிக்குடியிலிருந்து பட்டர் ஃப்ரூட் ஏற்றிக்கொண்டு வரும்போது இடையில் ஒரு மேட்டில் நின்றது. இந்த முறை கை பம்ப் அடித்தும் மசியவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்து, காலையில் இன்னொரு வண்டி வைத்துக் கட்டி இழுத்து வந்ததற்கு 3,500 ரூபாய். காய் மார்க்கெட்டுக்கு நேரத்துக்குச் சேரவில்லை, பாதி கனிந்து விலை விழுந்தது. வியாபாரிக்கு 7,000 ரூபாய் விட்டுக்கொடுத்தேன். அவர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. "வண்டிய மொதல்ல பாரு தம்பி, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். அது கண்டக்டர் கத்தியதைவிட அதிகமாக வலித்தது. கணக்குப் பார்த்தால் 38,500 ரூபாய் கையை விட்டுப் போயிருந்தது. ஓடாத நாட்களின் வாடகையை நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்க்கவும் மனசு வரவில்லை.

வழி காட்டியது என் கணக்கு நோட்டு. எந்தத் தேதியில் யாருக்கு லோடு, எவ்வளவு வாடகை, எப்போது எத்தனை லிட்டர் டீசல் என்று தேதி வாரியாக எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. செலவைக் கூட்டிப் பார்க்கத்தான் அன்று நோட்டைப் பிரித்தேன். வண்டி நின்ற நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த வரி டீசல் போட்ட வரி. அதாவது டேங்க்கில் டீசல் இறங்கியிருந்த நாளில்தான் வண்டி நின்றிருக்கிறது. நிரப்பிய மறுநாள் ஒரு முறைகூட நின்றதில்லை. ஃபில்டர் மாற்றியபோதும், ஃபீட் பம்ப் மாற்றியபோதும், பம்ப் இறக்கியபோதும், வேலை முடிந்ததும் டேங்க்கை நிரப்பித்தான் மலை ஏறியிருக்கிறேன். வண்டியைக் குணப்படுத்தியதெல்லாம் பங்க்கில் போட்ட டீசல்தான். பெயரை வாங்கிக்கொண்டது மாற்றிய சாமான். உங்கள் வண்டிக்கு இப்படி வந்துபோகிற கோளாறு இருந்தால் அது வந்த நேரத்தில் டேங்க் எவ்வளவு, லோடு எவ்வளவு, ஏற்றமா சமதளமா, வண்டி சூடா குளிரா, முந்தின ராத்திரி எப்படி நிறுத்தியிருந்தது என்று எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் "இழுக்கல அண்ணே" என்று சொல்வதற்கும், "கால் டேங்க்ல, ஏத்தத்துல மட்டும் இழுக்கல" என்று சொல்வதற்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது.

இனி, டீசல் போகிற வழியைச் சொல்கிறேன், இது தெரியாமல் மீதி புரியாது. டேங்க்குக்குள் மேலிருந்து அடி வரை ஒரு இரும்புக் குழாய் இறங்கும், நுனியில் வலை. அதிலிருந்து சேஸிஸ் ஓரமாகப் பைப்பும் ரப்பர் ஹோஸுமாக முன்னால் வந்து, மெயின் பம்ப்பின் பக்கவாட்டில் இருக்கிற ஃபீட் பம்ப்புக்கு வரும். ஃபீட் பம்ப் உறிஞ்சி ஃபில்டருக்குத் தள்ளும். ஃபில்டரிலிருந்து மெயின் பம்ப், அங்கிருந்து இரும்புப் பைப்புகளில் நாசிலுக்கு. மிச்சமானது ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே திரும்பும். இதில் ஃபீட் பம்ப்புக்குப் பின்னால் டேங்க் வரை இருப்பது உறிஞ்சுகிற பக்கம். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருப்பது தள்ளுகிற பக்கம், அங்கே சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு பார் வரை அழுத்தம் இருக்கும். நாசில் திறக்கிற அழுத்தமோ சுமார் 200 பார். தள்ளுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டு ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பம்ப்புக்குள் காற்று வந்தால் அது காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கும், நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. ஒழுகாத ஓட்டையை யாரும் தேடுவதில்லை. எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற பெரிய சாமானைத்தான் கழற்றுகிறார்கள்.

புகையையும் கவனியுங்கள். என் வண்டி இழுக்காமல் போனபோது கண்ணாடியில் பார்த்தால் சைலன்சரில் புகையே இல்லை. லோடில் கறுப்பாகக் கக்கினால் டீசல் போதுமான அளவு போகிறது, காற்று போதவில்லை அல்லது நாசில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், ஏர் ஃபில்டரில் ஆரம்பிக்கலாம். கறுப்புமில்லாமல் வெள்ளையுமில்லாமல் சத்தமில்லாமல் இழுவை செத்தால் டீசலே வரவில்லை. செல்ஃப் அடிக்கும்போதும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்தே என் நாசில்களைத் தொடாமல் விட்டிருக்கலாம்.

மார்க்கெட் லீவு நாளில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நானே இறங்கினேன். காசில்லாத சோதனைகள் முதலில். டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ் என்று காற்று இழுக்கிறதா என்று பார்க்க. மூடியில் காற்று போகிற துவாரம் அடைத்திருந்தால் டீசல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வேக்கம் கட்டி ஃபீட் பம்ப்பால் உறிஞ்ச முடியாமல் போகும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் சரியாகிறது என்றால் வேலை அங்கேயே முடிந்தது. என்னுடையதில் அது சரியாக இருந்தது. அடுத்து மகனை ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தச் சொல்லிவிட்டு பம்ப் லீவர் கடைசி வரை போகிறதா என்று பார்த்தேன். கேபிள் நீண்டு போயிருந்தால் காலில் முழு ஆக்சிலேட்டர், பம்ப்பில் முக்கால்தான் இருக்கும். இன்ஜினை அணைக்கிற ஸ்டாப் கேபிளை இழுத்துவிட்டால் லீவர் முழுசாகத் திரும்புகிறதா என்பதும் அப்படித்தான். பாதியில் நிற்கிற ஸ்டாப் லீவரால் இழுவை போன வண்டிகள் உண்டு. பிறகு ஃபில்டர் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். மழைக்காலத்தில் இதை வழக்கமாகவே செய்யலாம். கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால் டேங்க் கழுவுகிற வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தண்ணீர் வரவில்லை, கறுப்புத் துகள் கொஞ்சம் வந்தது.

பிறகுதான் கேன். சுத்தமான பிளாஸ்டிக் கேனில் பங்க் டீசல் பிடித்து, டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புது ஹோஸ் ஒன்றை மாட்டி கேனுக்குள் விட்டேன். ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குத் திருப்பினேன், இல்லாவிட்டால் கேன் டீசல் டேங்க்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். இப்போது வண்டிக்கு அதன் டேங்க்கே கிடையாது. இந்த நிலையில் கோளாறு வராவிட்டால் குற்றம் டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். அப்போதும் கோளாறு வந்தால் ஃபீட் பம்ப்பிலிருந்து முன்பக்கம். பாதி வண்டியை ஒரே சோதனையில் கழித்துவிடலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும், கேனை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் டீசல் தானாகவே இறங்கி வந்து, பலவீனமான ஃபீட் பம்ப்கூட நல்லது போலத் தெரியும். டேங்க் இருக்கிற மட்டத்துக்கே வைத்துப் பாருங்கள். கேபினுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், சைலன்சர் பக்கமும் வேண்டாம். நான் பாடியின் வெளிப்புறம் தாழ்வாக ஒரு இரும்புக் கூடையில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, டேங்க்கில் கால் பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே வடகாடு ஏறினேன். எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் நிற்காமல் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன், உடனே அந்த 24,500 ரூபாய் ஞாபகம் வந்தது.

குற்றம் பின்பக்கம் என்று ஆன பிறகு எந்த இடம் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் போதும், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ரப்பர் ஹோஸ் இருக்கிற இடத்தில் அதை ஒரு முழம் மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ரேஸ் கொடுத்துப் பாருங்கள். காற்று போனால் பொடிப்பொடியாகக் குமிழ் ஓடுவது தெரியும். முதலில் ஃபீட் பம்ப் வாயில் மாட்டினேன், குமிழ் வந்தது. டேங்க்கிலிருந்து வெளியே வருகிற இடத்தில் மாட்டினேன், அங்கேயும் குமிழ். அப்படியென்றால் நடுவில் இருக்கிற பைப்பும் ஹோஸும் குற்றமற்றவை, காற்று டேங்க்குக்குள்ளேயே போகிறது. உறுதி செய்ய டேங்க்கை நிரப்பினேன், குமிழ் நின்றது. லெவல் டியூப் சோதனைக்கு மட்டும்தான், அதை அப்படியே விட்டு ஓட்டாதீர்கள். டீசலில் அது நாளாக ஆக விறைத்து வெடிக்கும், சூட்டில் இளகும்.

டேங்க் மேல் மூடியோடு சேர்ந்த குழாயைக் கழற்றத்தான் அரை நாள் போனது, ஸ்குரூ எல்லாம் துரு. வெளியே எடுத்து அடி வாயைக் கட்டை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மேல் வாயில் ஊதினேன். குழாயின் நடுப்பகுதியில் துருவேறிய இடத்தில் ஊசித் துளைகள், வரிசையாகக் காற்று வந்தது. இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவின் நடுவில் ஓட்டை இருந்தால் என்ன ஆகுமோ அதுதான். ஓட்டை இளநீருக்குள் மூழ்கியிருக்கும்வரை தெரியாது, மட்டம் இறங்கியதும் வாய்க்குக் காற்றுதான் வரும். ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போது டேங்க்கில் டீசல் பின்னால் சாய்ந்து அந்த ஓட்டை இன்னும் சீக்கிரம் வெளியே தெரிகிறது. இன்ஜினும் டேங்க்கைவிட உயரத்துக்குப் போவதால் ஃபீட் பம்ப் அதிகமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. லோடில் டீசல் தேவையும் அதிகம். மூன்றும் சேருகிற இடம் மலை ஏற்றம். மேட்டில் மூக்கு மேலாக நிறுத்திய மறுநாள் காலை வண்டி வெகுநேரம் செல்ஃப் அடிக்க வைத்ததற்கும் இதே ஓட்டைதான் காரணம். ராத்திரியில் லைனில் இருந்த டீசல் முழுக்க டேங்க்குக்கே இறங்கிவிடும்.

குழாயை கேஸ் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போனேன். அவர் காப்பர் டியூப் போட்டுத் தருகிறேன், துருவே பிடிக்காது என்றார். வேண்டாம் என்று சொல்லி இரும்பு டியூப்தான் போடச் சொன்னேன். காப்பரோடு டீசல் நாள்கணக்கில் கிடந்தால் டீசல் கெட்டுப் பிசின் கட்டும், அது ஃபில்டரையும் நாசிலையும் பிடிக்கும். பத்தவைத்த பிறகு மறுபடி வாளியில் ஊதிப் பார்த்தேன். வலையை மண்ணெண்ணெயில் கழுவினேன், டேங்க்கை இறக்கிக் கழுவி நன்றாகக் காயவைத்தேன். டியூப், பத்தவைப்பு, மூடிக்குப் புது பேக்கிங், புது காப்பர் வாஷர்கள், புது ஹோஸ் கிளிப் எல்லாம் சேர்ந்து 850 ரூபாய். குழாயைத் தனியாகக் கழற்றி எடுத்துப் போனதால் இது பட்டறை வேலையாக முடிந்தது. டேங்க்கிலேயே ஓட்டை இருந்தால், காலியான டேங்க்தானே என்று யாராவது பத்தவைக்க வந்தால் விடாதீர்கள். டீசல் தீர்ந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், பட்டறையில் டேங்க் வெடித்து ஆள் செத்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நீராவியில் முறையாகக் கழுவி வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லை பழைய நல்ல டேங்க் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

என்னுடையது குழாய் ஓட்டை. உங்களுடையது வேறாக இருக்கலாம். ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு போலிருந்து உள்தோல் உரிந்திருக்கும். நிதானமாக ஓடும்போது டீசல் வரும், முழு ஆக்சிலேட்டரில் உறிஞ்சும்போது அந்தத் தோல் மடங்கி வழியை அடைக்கும். சந்தேகமான ஹோஸை வெட்டிப் பாருங்கள். மாற்றும்போது டீசலுக்கென்று விற்கிற, நூல் பின்னிய ஹோஸ் வாங்குங்கள், தண்ணீர்க் குழாய் வேண்டாம். ஃபீட் பம்ப் வாயில் சின்ன வலை இருக்கிற மாடல் என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேர் அது இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பைப்புகளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் வாஷரைப் புதுசாகப் போடுங்கள். நசுங்கின வாஷர் வழியாகக் காற்று போய், சரியாக இருந்த வண்டியில் புதுக் கோளாறு முளைக்கும். கேன் சோதனையில் கோளாறு முன்பக்கம் என்று தெரிந்தால், ஃபீட் பம்ப்புக்கு முன்னால், தள்ளுகிற பக்கத்தில் லெவல் டியூப்பை மாட்டாதீர்கள். அங்கே அழுத்தம் இருக்கிறது, பிய்த்துக்கொண்டு அடிக்கும். அங்கே அழுத்தம் காட்டுகிற கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பம்ப் கடைக்கு அனுப்பும் முன் அந்த ரீடிங்கைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் என்றால், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வண்டி ஐடிலில் ஓடும்போது நாசில் பக்கத்து நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. பழைய பம்ப் வண்டியில் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வது இது, ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி மூடிச் செய்ய வேண்டும். எங்கே ஒழுகுகிறது என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த புள்ளி போலத்தான் இருக்கும், வலிகூட முதலில் இருக்காது. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விட்டால் விரலையே எடுக்க நேரிடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு புது மாடல் பிக்கப் வைத்திருக்கிற தம்பிமார் யாரும் ஸ்பேனரைத் தூக்கிவிடாதீர்கள். காமன் ரயில் என்கிற, கம்ப்யூட்டர் வைத்த புது டீசல் இன்ஜின்களில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், ஓடுகிற இன்ஜினில் நட்டைத் தளர்த்துவது அங்கே உயிரோடு விளையாடுவது. லைனில் லேசான தூசி போனாலும் இன்ஜெக்டர் போய்விடும், அதனால் கேன் சோதனையும் அதற்கு வேண்டாம். டேங்க் மூடி, ஃபில்டரில் தண்ணீர், கணக்கு நோட்டு, இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டு, ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் ரயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள்.